ஹெரால்டுக்கு ஜிப்சி எஞ்சினா, ஓம்னி எஞ்சினா, இல்ல பழசையே தட்டி எழுப்புறதா?

#1 முரளி_தாம்பரம்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டுப் போற ஆள். இன்னிக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

பெரியப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இப்போ என் வீட்டு வாசல்ல நிக்குது. 1966, ரெண்டு கதவு, 948 சிசி. ஒன்பது வருஷம் தார்ப்பாய்க்கு அடியில கிடந்தது. பாடி பரவாயில்ல, சேசிஸ்ல ரெண்டு இடத்துல மட்டும் துரு. டிங்கர் வேலை முடிஞ்சது. எஞ்சின்தான் தலைவலி. கிளம்புது, ஆனா தெருவுல கொசு மருந்து வண்டி வந்துடுச்சுன்னு பசங்க பின்னாடியே ஓடி வர்றாங்க. தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு போயிட்டு வந்தா அரை லிட்டர் ஆயில் காலி. மூணாவது கியர் தானா வெளிய வந்துடுது.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் சொல்றார்: "சார், மாருதி ஜிப்சி 1300 எஞ்சின், அலுமினியம் பிளாக், கியர்பாக்ஸோட புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில எடுத்துடலாம். பத்து நாள் வேலை."

எனக்குத் தேவை பெருசா ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம், வருஷத்துக்கு ஒரு தடவை செய்யாறு, குலதெய்வம் கோயில். நடு வழியில பானெட்டைத் திறந்து வெச்சிட்டு நிக்கக் கூடாது, அவ்வளவுதான். மாத்தலாமா?


#2 அசல்_அழகர்

வேண்டாம்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1961 முதல் நம் சென்னையில் செய்த கார் இது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்த உடல், கவென்ட்ரியில் பிறந்த 948 சிசி எஞ்சின். அந்த எஞ்சினை எடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது ஹெரால்டு சட்டை போட்ட ஜிப்சி. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், தபாலில் வரும். சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்ட் செய்து, மூன்றாவது கியரைச் சத்தமில்லாமல் இணைக்கும் சிங்க்ரோவை மாற்றினால் இன்னொரு 30 வருஷம் ஓடும்.

ஆயில் குடிக்கிறது என்பதற்காக வண்டியின் நெஞ்சையே மாற்றுவார்களா?


#3 லேத்து_கோவை

முரளிங்க, மாத்தறது மாத்தாம இருக்கறது அப்பறம். மொதல்ல ஒரு சோதனை பண்ணுங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பானெட்டைத் தூக்குங்க. வீட்டுல யாரையாச்சும் கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு விடச் சொல்லுங்க. நீங்க முன்னாடி குனிஞ்சு கிராங்க் புல்லியைப் பாருங்க. முன்னும் பின்னும் நகருதுங்களா?

இந்த எஞ்சினுக்கு கிராங்க்ல மூணே மூணு மெயின் பேரிங். பின்னாடி பேரிங் பக்கத்துல அரை நிலா மாதிரி ரெண்டு தர்ஸ்ட் வாஷர். கிளட்ச் மிதிக்கற ஒவ்வொரு தடவையும் மொத்த அழுத்தமும் அதும்மேலதான். அது தேஞ்சா கிராங்க் முன்னாடி நகரும். ரொம்பத் தேஞ்சா வாஷர் கழண்டு அடியில இருக்கற ஆயில் தொட்டி, அதாவது சம்ப்புக்குள்ள விழுந்துரும். அப்பறம் கிராங்க் நேரா பிளாக்கையே தின்ன ஆரம்பிச்சிரும். ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒண்ணு, ரெண்டு இருந்தா சரி. கண்ணுக்குத் தெரியற மாதிரி நகந்துச்சுன்னா சரியில்லைங்க.


#4 முரளி_தாம்பரம்

நேத்து ராத்திரி பண்ணோம். மனைவி உள்ள உக்காந்து கிளட்ச், நான் வெளிய டார்ச் லைட். புல்லி மூச்சு விடுற மாதிரி முன்ன வருது, பின்ன போகுது. மூணு மில்லிமீட்டர் இருக்கும்.

இன்னிக்குக் காலைல சம்ப்பை இறக்கினோம். வண்டல் மாதிரி கருப்பு ஆயில். விரலை விட்டுத் தடவினா அடியில ஒரு அரை நிலா. இன்னொண்ணு கிடைக்கவே இல்ல, தூளாப் போயிருக்கும்னு நினைக்கிறேன். அதைக் கழுவி டி.வி. ஸ்டாண்டு மேல வெச்சிருக்கேன். என் பொண்ணு தோடுன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிட்டா.


#5 லேத்து_கோவை

அப்பச் சரி. பிளாக்குல அந்த வாஷர் உக்கார்ற முகத்தைப் படம் எடுத்துப் போடுங்க. மெலிசா கோடு விழுந்திருந்தா ஓவர்சைஸ் வாஷர் போட்டுச் சமாளிச்சரலாம். பள்ளமே விழுந்திருந்தா மில்லிங் பண்ணி உள்ள துண்டு வெச்சுத்தான் எடுக்கோணும். நான் ரெண்டு பண்ணியிருக்கேன், ரெண்டும் ஓடுது. ஆனா காசு கேக்காதீங்க.


#6 செட்ரைட்_செல்வம்

அண்ணே, மதுரைல இருந்து செல்வம். பட்டறை வெச்சு இருபத்திரண்டு வருசம் ஆச்சு.

பிளாக்கே போன எஞ்சினுக்கு ஏண்ணே இம்புட்டு அழுகை? தூக்கிப் போடுங்க. எஞ்சின் மாத்துறதுக்குன்னே செஞ்ச வண்டிண்ணே ஹெரால்டு. பானெட்டு, ரெண்டு மட்கார்டு எல்லாம் ஒரே துண்டா முன்னாடி சாயுது. டயர் மேலயே உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே வேலை பாக்கலாம். தனி சேசிஸ். கியர்பாக்ஸ் டனல் மூடி போல்ட்டுலதான் நிக்குது, அதைக் கழட்டினா பாக்ஸு கார் உள்ள வழியாவே வந்துரும். ஒரு இடத்துல கூட கட்டர் வெக்க வேணாம். அம்பாஸடர்ல, பத்மினில இந்தச் சொகம் கிடையாது.

அடுத்து, ஏன் ஜிப்சி. மாருதி ஜென், எஸ்டீம் எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின்தான், ஆனா முன் சக்கர டிரைவு, குறுக்க படுத்துருக்கும், கியர்பாக்ஸும் அதோடயே ஒட்டிக்கிருக்கும். நமக்கு ஆகாது. ஜிப்சில எஸ்டீமோட அதே ஜி13 குடும்பத்து எஞ்சின் நீளவாக்குல நிக்குது. அதுலயும் ஒரு வசதி, நாலு சக்கரத்துக்குப் பிரிச்சு விடுற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியா நடுவுல தொங்கும், கியர்பாக்ஸோட ஒட்டி இருக்காது. அதைக் கழட்டிக் கீழ வெச்சிட்டா அஞ்சு கியர் பாக்ஸ் மட்டும் சுத்தமா கையில வந்துரும். பின்னாடி புரொப்பல்லர் ஷாஃப்டைக் கோத்தா வேலை முடிஞ்சது.

வெயிட்டைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய இரும்பு எஞ்சினை எறக்க செயின் பிளாக் கட்டணும். ஜிப்சி எஞ்சினை ரெண்டு பயலுக கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா மாதிரி தூக்கிட்டு வந்துருவாய்ங்க.


#7 அசல்_அழகர்

செல்வம், அண்டாவையும் எஞ்சினையும் ஒன்றாகப் பேசும் பட்டறைகளால்தான் இந்த ஊரில் அசல் ஹெரால்டு பார்க்க முடியாமல் போனது.


#8 செட்ரைட்_செல்வம்

அண்ணே, அசல் ஹெரால்டெல்லாம் செட்டுக்குள்ளதான் நிக்குது. ரோட்டுல ஓடுறதெல்லாம் எங்க பட்டறையைத் தாண்டி வந்ததுதான்.


#9 பழைய_ஜிஎஸ்டி_ரோடு

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முன்பக்கத்தையே பார்க்கிறீர்கள், கொஞ்சம் பின்பக்கம் வாருங்கள்.

என் அப்பா பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் ஆலையில் வேலை பார்த்தவர். 1948இல் தொடங்கிய கம்பெனி, வான்கார்டு, ஸ்டாண்டர்ட் டென் என்று போய் 1961இல் ஹெரால்டுக்கு வந்தது. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. அது நம் ஊருக்கென்று இங்கே செய்தது. ஆனால் ஹெரால்டு விற்ற காலத்திலேயே ஜனங்கள் நம்பாத ஒரு பாகம் உண்டு: பின் ஆக்ஸில்.

மற்ற கார்களில் பின்னால் ஒரே தடி, இரண்டு முனையில் இரண்டு சக்கரம். ஹெரால்டில் நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்து விடும் டிஃப்ரென்ஷியல் சேசிஸில் பொருத்தியிருக்கும். இரண்டு பக்கமும் ஆக்ஸில் பறவைச் சிறகு மாதிரி தனித்தனியே மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. பள்ளம் மேட்டில் சொகுசு. ஆனால் வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும்தான் தரையில். அந்த நேரத்தில் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

இது கட்டுக்கதை இல்லை. 1970களின் தொடக்கத்தில் அதே 948 எஞ்சினோடு ஸ்டாண்டர்ட் கேஸல் கார் வந்தபோது, இந்தச் சிறகு ஆக்ஸிலை எடுத்துவிட்டுச் சாதாரணத் தடி ஆக்ஸிலைத்தான் போட்டார்கள். இங்கத்திய வாங்குபவர்களும் மெக்கானிக்குகளும் அதை நம்பவில்லை என்பதுதான் காரணம். 35 குதிரைச் சக்திக்கே அந்தக் கதி. நீங்கள் 60, 80 என்று ஏற்றப் பார்க்கிறீர்கள்.

போகிற போக்கில் ஒன்று. முன் சக்கரம் திரும்புகிற மூட்டான டிரன்னியனில் கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்குக் கியர் ஆயில், 90 நம்பர்தான். கிரீஸ் இறுகிப்போனால் ஒருநாள் சக்கரம் தனியாகப் படுத்துக்கொள்ளும். ஹெரால்டு வைத்திருப்பவரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.


#10 முரளி_தாம்பரம்

சார், கிரீஸ்தான் அடிச்சு வெச்சிருக்காங்க. இப்பவே பார்த்துட்டு வந்தேன். பக்குன்னு ஆயிடுச்சு.


#11 ஆர்சி_புக்கு

எஞ்சினை வாங்குவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். இந்த இழையில் யாரும் வாயே திறக்காத விஷயம் இது.

ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர், சிசி இரண்டும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றித்தான் பேசுகிறது. உற்பத்தி செய்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கறாராகச் சொல்லிவிட்டது. எனவே "பத்து நாளில் மாட்டிவிட்டு அப்புறம் எழுதிக்கலாம்" என்று எந்தப் பட்டறை சொன்னாலும் தலையாட்டாதீர்கள். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அங்கே முடியாது என்றால் முடியாதுதான். சொல்லாமல் மாற்றி ஓட்டினால், விபத்து நடக்கிற அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரைத்தான்.

இன்னொரு பக்கம் 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'வி.ஏ.' எழுத்துப் போட்ட தனி நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. உங்கள் 1966 வண்டிக்கு வயசு தாராளமாக இருக்கிறது. ஆனால் ஜிப்சி எஞ்சின் போட்ட அன்றே அந்தத் தகுதி போய்விடும்.

அழகர் சந்தோஷப்படுவதற்குள் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நம்பர் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்குத்தான். செய்யாறு குலதெய்வம் அந்தப் பட்டியலில் வராது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பழைய எஞ்சின் எங்கே வாங்கினாலும் நம்பர் போட்ட பில் வேண்டும். எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பில் தர யோசிக்கிற கடையில் எஞ்சின் தங்கத்தால் செய்திருந்தாலும் வேண்டாம்.


#12 யாழ்_மைனர்

வணக்கம் அண்ணையவை. யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். எங்கட பக்கம் ஹெரால்ட் குறைவு, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40ம்தான் கூட. எங்கட வீட்டில அப்பாவின்ர மைனர் இருக்கு. அதுவும் 948 சிசிதான். ஆனா உங்கட 948 வேற, எங்கட 948 வேற. அது ஸ்டாண்டர்ட் எஞ்சின், இது பி.எம்.சி. கொம்பனியின்ர ஏ சீரிஸ் எஞ்சின். போரும் ஸ்ட்ரோக்கும் மயிரிழை வித்தியாசத்தில கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆரும் ஆரையும் பாத்துச் செய்யேல்லை எண்டுதான் சொல்லுவினம்.

90களில தடை போட்டு பெற்றோல் இல்லாத காலத்தில அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில ஓடினது. காபரேட்டருக்கை கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. ஊர் முழுக்க அந்த மணம். அப்பிடி ஓடி ஓடியே வால்வும் போரும் போச்சு.

பிறகு அப்பா நிசான் ஏ 12 எஞ்சினை அதின்ர கியர் பொக்ஸோட போட்டவர். 1171 சிசி, அலுமினியம் ஹெட், கிராங்குக்கு அஞ்சு பேரிங். நிறையப் பேர் செய்த மாற்றம், கொழும்பிலயும் செய்யிறவை. இப்பவும் ஓடுது, சாவகச்சேரிக்குப் போய் வர ஒரு குறையும் சொல்லாது. ஆனா ஒரு விசயம் சொல்லோணும். எஞ்சின் மாத்தின முதல் கிழமை அப்பா பிரேக்கைப் பற்றி யோசிக்கேல்லை. பழைய மைனருக்கு ஓடிற வேகமும் நிக்கிற வேகமும் ஒண்டு. நிசானுக்கு அப்பிடியில்லை. ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால போய் நிண்டவர், மாடு திரும்பிப் பாத்ததாம். அதுக்குப் பிறகுதான் முன்னுக்கு டிஸ்க் போட்டவர்.

பழைய எஞ்சினை விக்கேல்லை. சாக்கால மூடி வைச்சிருக்கிறம்.


#13 செட்ரைட்_செல்வம்

யாழ்ப்பாணத்து அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. நான் எஞ்சினைப் பத்தியே பேசிட்டேன், பிரேக்கை விட்டுட்டேன். ஹெரால்டுல நாலு சக்கரமும் டிரம்மு. முன்னாடி 8 அங்குலம், பின்னாடி 7. பூஸ்டர் கிடையாது. ஒரே லைன், ஒரு பைப் லீக்கானா நாலும் போச்சு.

மாருதி 800 டிஸ்க்கை அப்படியே மாட்டிரலாம்னு சில பேரு சொல்லுவாங்கெ. மாட்டாது. ஹெரால்டு சக்கரத்துல நாலு போல்ட்டு மூணேமுக்கால் அங்குல வட்டம், அதாவது 95 மில்லிமீட்டர் சொச்சம். மாருதில 114.3. ஹப்பைக் கடைஞ்சு வேற துளை போடணும், இல்லாட்டி வெளிநாட்டுல இருந்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரோட டிஸ்க் செட்டு வாங்கணும். ரெண்டாவதுதான் நல்லது. காசைப் பாக்காதீங்க.


#14 லேத்து_கோவை

ரெண்டு நாளா காகிதத்துல கணக்குப் போட்டுட்டு இருந்தேங்க. அதைச் சொல்லிரறேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

948 ஹெரால்டோட கிரவுன் பினியன், அதாவது டிஃப்ரென்ஷியல்ல இருக்கற கடைசி கியர் ஜோடி, 4.875. அதாவது டாப் கியர்ல சக்கரம் ஒரு சுத்து சுத்த எஞ்சின் கிட்டத்தட்ட அஞ்சு சுத்து. 155 80 ஆர்13 டயர் போட்டிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். எஞ்சின் 3,000 சுத்துல வண்டி மணிக்கு 67 கிலோமீட்டர்தான் போகும். அதனாலதான் பைபாஸ்ல ஹெரால்டு ஓட்டறவங்க எல்லாம் "எஞ்சின் கத்துது"ன்னு சொல்றது. எஞ்சின் பாவம், அதும்மேல தப்பில்லைங்க. கியர் அப்படி.

ஜிப்சி பாக்ஸ்ல அஞ்சாவது கியர் 0.795. அதே கிரவுன் பினியனோட அதே 3,000 சுத்துல 84 கிலோமீட்டர். எஞ்சின் மாத்தறதுல உங்களுக்குக் கிடைக்கற நெசமான லாபம் இந்த அஞ்சாவது கியர்தான். குதிரைச் சக்தி இல்லைங்க.

அதனால கார்புரேட்டர் இல்லாம பெட்ரோலைப் பீச்சி விடற எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சி வேண்டாம். அது 80 குதிரை. அதுக்கு ஈ.சி.யு.ங்கற கம்ப்யூட்டர் பெட்டி, முழு ஒயரிங், டேங்க்குல அழுத்தப் பம்பு, ரிட்டர்ன் லைன்னு ஆயிரம் வேலை. ஹெரால்டு டேங்க் டிக்கியில ஒரு மூலைல உக்காந்திருக்கும், அதும்மேல ரிசர்வ் லிவர் ஒண்ணு இருக்கும் பாத்திருப்பீங்க. அதைப் போய் வெட்டி ஒட்ட வேண்டாம். 1996ல வந்த ஜிப்சி கிங்கோட மொதல் கார்புரேட்டர் எஞ்சின் போதும், 60 குதிரை.

அதையும் விட அடக்கமா ஒரு வழி இருக்குதுங்க. மாருதி ஓம்னி வேன் எஞ்சின். 796 சிசி, மூணு சிலிண்டர், நீளவாக்கு, பின் சக்கர டிரைவு. சக்தி கிட்டத்தட்ட பழைய ஹெரால்டு அளவேதான். பிரேக்கு, ஆக்ஸில், கிரவுன் எதுக்கும் புதுச் சுமை இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர் சொன்ன பயமும் அதிகமாகாது. குறைன்னா ரெண்டு. ஓம்னில அது சீட்டுக்கு அடியில சாஞ்சு படுத்திருக்கற எஞ்சின், அதை நிமித்தினா கார்புரேட்டரும் சம்ப்பும் கோணிக்கும். அப்பறம் பாக்ஸ் நாலு கியர்தான், அந்த 84 கிலோமீட்டர் சொகம் கிடைக்காது.

எதை எடுத்தாலும் கிளட்ச்சைப் பாத்துக்கங்க. ஹெரால்டுல எண்ணெய் கிளட்ச், ஜிப்சில கேபிள். பெடல் பக்கம் ஒரு வேலை இருக்குது.

கடைசியா ஒண்ணு, இதைப் பெரும்பாலும் எல்லாரும் வண்டி ஓட ஆரம்பிச்ச அப்பறம்தான் கண்டுபிடிப்பாங்க. ஜிப்சில ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வர்றதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்துதான் வருது. அதை நீங்க கழட்டிக் கீழ வெச்சுட்டீங்கன்னா, ஸ்பீடாமீட்டருக்கு உசுரு கொடுக்க ஆளில்லை.


#15 செட்ரைட்_செல்வம்

அட, ஆமால்ல!!


#16 அசல்_அழகர்

பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம்.


#17 முரளி_தாம்பரம்

மூணு மாசம் கழிச்சு வர்றேன். மன்னிக்கணும், ஆபீஸ், பொண்ணு பரீட்சை, ஆர்.டி.ஓ. நடைன்னு காலம் ஓடிடுச்சு.

பிளாக்கைக் கோயம்புத்தூருக்கே பார்சல் பண்ணினேன். லேத்து அண்ணன் பார்த்துட்டு, முகத்துல பள்ளம் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல, பின்பக்கம் ஒரு விரிசலும் இருக்குன்னுட்டார். அவரே "இதைப் பண்ணலாம், ஆனா உங்க குடும்பத்தை உக்கார வெச்சு ஓட்டச் சொல்ல மாட்டேன்"னு சொன்ன பிறகு நான் யோசிக்கலை.

ஜிப்சி கிங் கார்புரேட்டர் எஞ்சின், பாக்ஸோட, பில்லோட எடுத்தேன். முதல்ல போன கடையில பில் கேட்டதும் "சார், இதெல்லாம் நம்பிக்கையில நடக்குற வியாபாரம்"னாங்க. ஆர்.சி. புக்கு சொன்னது ஞாபகம் வந்தது, வெளிய வந்துட்டேன். ரெண்டாவது கடையில ஹெட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லி இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெச்சுப் பார்த்தோம். அடியில வெளிச்சம் தெரியல. அலுமினியம் ஹெட் ஒரு தடவை கொதிச்சிருந்தா வளைஞ்சிருக்கும்னு செல்வம் அண்ணன் போன்ல சொல்லியிருந்தார்.

எழுத்துல மனு கொடுத்து, ஆய்வாளர் வந்து பார்த்து, ரெண்டு தடவை திருப்பி அனுப்பி, மூணாவது தடவை அனுமதி வந்தது. எல்லாருக்கும் வரும்னு நான் சொல்ல வரலை.

நல்ல செய்தி முடிஞ்சது. இப்போ என் முட்டாள்தனம்.

பழைய ஹெரால்டுல பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட பிளஸ் பாடிக்குப் போகும். புது எஞ்சின், புது ஆல்டர்நேட்டர் எல்லாம் நெகட்டிவ் எர்த். தெரியும். ஒயரிங்கை மாத்தினோம், காயிலை மாத்தினோம், டேஷ்போர்டுல "நெகட்டிவ்"னு பெருசா எழுதி ஒட்டினேன். ஸ்டார்ட் பண்ற அன்னிக்குக் காலைல பூசணிக்காய் சுத்தி, எலுமிச்சம்பழம் வெச்சு, பேட்டரியைச் சார்ஜ்ல இருந்து எடுத்துட்டு வந்து மாட்டினது நான். கை பழக்கத்துல பழைய மாதிரியே மாட்டிட்டேன். சாவி கூடப் போடலை. ஆல்டர்நேட்டர் உள்ள இருந்து "டப்"னு ஒரு சத்தம், அப்புறம் மெலிசா ஒரு நூல் புகை. டையோடு மொத்தமும் போச்சு. மெக்கானிக் ஒண்ணும் சொல்லலை. அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜூஸ் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டார்.


#18 பழைய_ஜிஎஸ்டி_ரோடு

சிரித்ததற்கு மன்னிக்கவும். என் அப்பாவும் ஒரு முறை இதைச் செய்திருக்கிறார். அந்தக் காலத்து டைனமோ பொறுத்துக்கொண்டது.

பின் ஆக்ஸிலை என்ன செய்தீர்கள்?


#19 முரளி_தாம்பரம்

உங்க பதிவைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவத்துல ஒட்டியிருக்கோம் சார்.

பின் ஸ்பிரிங் பட்டைக் கட்டைக் கழட்டி வளைவைக் குறைச்சோம், வண்டி பின்னாடி கொஞ்சம் தாழ்ந்து நிக்குது, சக்கரம் உள்பக்கம் லேசா சாஞ்ச மாதிரி. வளைவுல எழும்பறது குறையும்னு லேத்து அண்ணன் சொன்னார். முன்னாடி ஸ்பிட்ஃபயர் டிஸ்க் செட், இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர். டிரன்னியன் புதுசு, கியர் ஆயில்தான் விட்டிருக்கேன், கிரீஸ் கன்னை வீட்டுல இருந்தே வெளிய அனுப்பிட்டேன்.

எதிர்பார்க்காத ஒண்ணு. எஞ்சின் லேசானதால முன்பக்கம் மேல எழும்பி, வண்டி கோழி கழுத்தை நீட்டின மாதிரி நின்னுச்சு. ராத்திரி ஹெட்லைட் ரோட்டுல விழலை, எதிர்வீட்டு மொட்டை மாடியில விழுந்தது. மாடியில துணி எடுக்க வந்த மாமி யாரு யாருன்னு கத்தினாங்க. பட்டறைப் பையன் ஸ்பிரிங்கை ஒரு சுத்து கேஸ்ல வெட்டிடலாம்னான். செல்வம் அண்ணன்தான் போன்லயே கத்தி நிறுத்தினார். சூடு பட்ட ஸ்பிரிங் எப்போ ஒடியும்னு சொல்ல முடியாதாம். இப்போ மெல்லிசா, குட்டையா வேற ஜோடி சுத்தச் சொல்லிப் போட்டாச்சு.

அப்புறம் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு அடியில தரையில ஒரு போல்ட் நிக்குது. முக்கால் பங்குக்கு மேல மிதிபடாது. லேத்து அண்ணன் யோசனை. பின் ஆக்ஸில் மேல நம்பிக்கை வர்ற வரைக்கும் அதைக் கழட்டக் கூடாதுன்னு என் மனைவிகிட்ட சத்தியம் வாங்கிட்டார், என்கிட்ட இல்லை.

நேத்து மாமல்லபுரம் போயிட்டு வந்தோம். ஈ.சி.ஆர்.ல அஞ்சாவது கியர் போட்டதும் என் பொண்ணு "அப்பா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"ன்னு கேட்டா. அவ்வளவு அமைதி. போக வர ஒரு சொட்டு ஆயில் குறையலை. கோவளம் கிட்ட ஒரு பெரியவர் ஸ்கூட்டரை நிறுத்திட்டு, 1970ல இதே கார்லதான் பொண்ணு பார்க்கப் போனாராம், பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். உள்ள பார்த்துட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. "இது அது இல்லையே தம்பி"ன்னார்.


#20 அசல்_அழகர்

நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: எங்கேயாவது வெட்டினீர்களா? சேசிஸில், பாடியில்?


#21 முரளி_தாம்பரம்

இல்லை சார். எஞ்சின் பிராக்கெட் எல்லாம் பழைய துளையிலேயே போல்ட் பண்ற மாதிரி லேத்து அண்ணன் செஞ்சு அனுப்பினார். டனல் மூடிக்கு மட்டும் வேற ஒண்ணு புதுசா அடிச்சோம், கியர் லிவர் ஒரு சாண் பின்னாடி வருது. பழைய மூடி பத்திரமா இருக்கு. பழைய எஞ்சின், பாக்ஸ், டைனமோ, எல்லாம் ஆயில் பூசி, சாக்கு சுத்தி மாடிப்படிக்குக் கீழ. மனைவி அதும்மேல அரிசி டிரம்மை வெச்சுட்டாங்க.


#22 அசல்_அழகர்

அந்தப் பழைய எஞ்சினை விற்காதீர்கள். தெரிந்த ஒருவரிடம் நல்ல 948 பிளாக் ஒன்று இருக்கிறது, கிராங்க் இல்லாமல். உங்கள் கிராங்க் தேறினால் இரண்டையும் சேர்த்து ஒரு எஞ்சின் எடுக்கலாம். நீங்கள் மாட்ட வேண்டும் என்று இல்லை. இருக்கட்டும்.


#23 செட்ரைட்_செல்வம்

அழகர் அண்ணனுக்கு என் பட்டறையில ஒரு டீ பாக்கி இருக்கு. எப்ப வேணா வரலாம்.

முரளி அண்ணே, ஸ்பீடாமீட்டருக்கு என்ன பண்ணீங்க?


#24 முரளி_தாம்பரம்

முள் சைஃபர்லயே நிக்குது. இப்போதைக்குப் போனை டேஷ்போர்டுல ஒட்ட வெச்சு ஜி.பி.எஸ்.ல பார்க்கிறேன். பெரியப்பா ஓட்டின கடைசி கிலோமீட்டர் அதுல அப்படியே நிக்குது, அதனால எனக்கு அவசரமும் இல்லை. ஆனா பொண்ணுக்கு முள் ஆடணுமாம்.


#25 லேத்து_கோவை

புரொப்பல்லர் ஷாஃப்ட்டு ஃபிளாஞ்சுல நாலு காந்தம், அதை எண்ணறதுக்கு ஒரு சென்சார், அந்தக் கணக்குக்குக் கேபிளைச் சுத்த ஒரு சின்ன மோட்டார். ஒண்ணு ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்கேங்க. கேபிள் முனை சதுரமா வட்டமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.


#26 முரளி_தாம்பரம்

சதுரம்.